எந்தத் தெருன்னு கேக்காத ரோடு

சைக்கிளில் தனியாக நெடுந்தூரம் போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக்கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை மிதித்தவர்கள், கடல் தாண்டிக் கண்டம் தாண்டிப் போனவர்கள், ஒண்ணுமில்லாமல் நம்ம தஞ்சாவூர் ஜில்லாவையே ஒரு சுற்று சுற்றி வந்தவர்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வழி வேறு, வண்டி வேறு. கடைசியில் வந்து நிற்கிற இடம் மட்டும் ஒண்ணே ஒண்ணுதான்: மனுசங்க நல்லவங்க. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு எளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம். திண்ணையில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார்களாம். காலையில் கிளம்பும்போது புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, காசு நீட்டினால் கோபப்பட்டார்களாம்.

நம்புகிறேன். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எளநீரை வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் இவர்கள் எழுதுவதில்லை. கேட்கப்பட்டது என்றால் என்ன பதில் சொன்னார்கள்? கேட்கப்படவே இல்லை என்றால் ஏன் கேட்கப்படவில்லை? பேரிலேயே பதில் இருந்ததா? நெத்தியில் இருந்ததா? வெள்ளைத் தோலில் இருந்ததா? இல்லை, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கியர் சைக்கிளில் இருந்ததா?

அந்தக் கேள்வி எது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'எந்த ஊரு?' என்றுதான் ஆரம்பிக்கும். அது முன்னுரை. 'எந்தத் தெரு?' என்பதுதான் விசயம்.

*

எனக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்த ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிற ஊர். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். சிங்கப்பூர், மலேயா, பர்மா என்று போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகளைப் பார்த்து 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். கடல் தாண்டிப் போவதற்கு அங்கே சபர் என்று பேர். போய்வந்தவர் சபுராளி. அந்தப் பேரில் ஒரு மரியாதை உண்டு. அதே நாகப்பட்டினம் துறைமுகத்தில் அதே காலத்தில் எங்க சனமும் கப்பலேறியது. தோட்டத்துக்கும் ரப்பர் காட்டுக்கும் போனது. அவர்களுக்குச் சபுராளி என்று பேர் கிடைக்கவில்லை, கூலி என்று பேர். போனது ஒரே தூரம்தான்.

எங்க தெரு கூத்தாநல்லூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி வயக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் ஊருக்குள் இருந்த ஒரு வாடகை சைக்கிள் கடையில் போய் நிற்பேன். மணிக்கு எட்டணா. குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். அப்புறம் கடைக்கார பாயிடமே வேலைக்குச் சேர்ந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கி முட்டை விடுகிற இடத்தைப் பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்ட வேண்டும். கூலி கொஞ்சம்தான். ஆனால் ராத்திரி ஒரு வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஊர்த்தெரு. அங்கே இறங்கித் தள்ள வேண்டும். தெரு முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. தாத்தா அப்பாவுக்குச் சொன்னார், அப்பா எனக்குச் சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டசபையில் 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. நூறு வருசம் ஆகிவிட்டது. அந்த அறிவிப்பு எங்க ஊர்த்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது.

பாய் மகளுக்குக் கலியாணம். சகன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டில் சோறு வைத்துச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். 'டேய் தம்பி, என்ன நிக்கிறே, உக்காருடா' என்று பாய் என்னை ஒரு சகனில் உட்காரவைத்தார். என் கையும் இன்னும் மூணு பேர் கையும் ஒரே தட்டில். பதினஞ்சு வயசு எனக்கு. சோறு எறங்கவில்லை. யாராவது எழுப்பி விடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கூத்தாநல்லூரிலிருந்து நீடாமங்கலம் ஒண்ணும் தூரமில்லை. 1937 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்ற அழைப்பை நம்பி நம்ம ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். பந்தியிலிருந்து அடித்து விரட்டினார்கள். பிடித்து வைத்து மொட்டையடித்தார்கள், சாணிப்பால் ஊற்றினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் இந்த நெல்லு விளையிற பூமியின் சட்டமாகவே இருந்தது. பி. சீனிவாசராவ் 1943-இல் தஞ்சைக்கு வந்து செங்கொடிச் சங்கம் கட்டி, களப்பால் குப்பு போன்ற நம்ம ஆட்கள் உயிரைக் கொடுத்துப் போராடித்தான் அது ஒழிந்தது. சோத்துப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது பதினஞ்சு வயசுப் பயலுக்குப் புஸ்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது.

*

2023 ஜூன் கடைசியில் கூத்தாநல்லூரிலிருந்து மேலூர் பக்கத்து மேலவளவுக்குத் தனியாகச் சைக்கிளில் கிளம்பினேன். ஜூன் 30 முருகேசன் நினைவு நாள். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். என்னிடம் இருந்தது கேரியர் வைத்த பழைய அட்லஸ். கியர் சைக்கிள்காரர்கள் சிரிப்பார்கள். மூணு நாள் ஆகும் என்று கணக்கு.

மன்னார்குடி, தஞ்சாவூர் தாண்டியாயிற்று. குறுவைக்கு நாத்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தியதும் நல்ல வரவேற்பு. 'எங்கேருந்துண்ணே சைக்கிள்லயே வர்றீங்க? கூத்தாநல்லூரா! அம்மாடி!' பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். பத்து பேர் சுற்றி நின்றார்கள். பயணக்கட்டுரையில் படிக்கிற அதே காட்சி. ஒரு பெரியவர் கேட்டார்.

'கூத்தாநல்லூர்ல எங்க?'

'பக்கத்துல ஒரு கிராமங்க.'

'கிராமம்னா? பேரு இருக்குமில்ல?'

சொன்னேன்.

'அங்க இன்னாரு வீடு இருக்கே. அவங்க வகையறாவா?'

'இல்லீங்க.'

'அப்ப எந்தப் பக்கம்? ஆத்துக்கு இந்தண்டையா அந்தண்டையா?'

அந்தண்டை என்றேன். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. கூட்டம் ஒவ்வொருத்தராகக் கலைந்தது. டீ வந்தது, பேப்பர் கப்பில். பெரியவர் கையில் கண்ணாடி கிளாஸ். இரட்டைக் குவளை ஒழிஞ்சுபோச்சு என்று பேசுகிற நண்பர்களுக்குச் சொல்கிறேன்: எந்தக் குவளை என்று கேஸ் போட முடியாதபடி இப்போது காகிதத்தில் வந்திருக்கிறது.

சாயந்திரம் கந்தர்வகோட்டைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு. திண்ணையில் ஒதுங்கினேன். ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். கூத்தாநல்லூர் என்றேன். 'அங்க பூராவும் பாய்மாருங்கல்ல? நீங்க பாயா?'

நான் ஒண்ணும் சொல்லவில்லை. தலை லேசாக ஆடியது. நானாக ஆட்டினேனா, தானாக ஆடியதா என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ராத்திரிக்கு இட்லி. திண்ணையில் பாய், போர்வை. 'பாவம், இந்த வயசுல சைக்கிள்லயா' என்று பரிதாபப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு நல்ல மனுசியை நான் வழியில் வேறு எங்கும் பார்க்கவில்லை. பொய் சொல்லித்தான் பார்த்தேன்.

படுத்துக்கிடந்தபோது அம்பேத்கர் ஞாபகம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1901-ஆம் வருசத்துப் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கச் சிறுவர்கள் தனியாக ரயிலில் போகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கூப்பிட ஆள் வரவில்லை. நல்ல உடுப்பு போட்ட பிள்ளைகள். ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிப்போகிறது. வண்டிக்காரன் எவனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டிப்பு வாடகை. பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். ராத்திரி சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கும்போது முஸ்லிம் என்று சொல்லிப்பார் என்று யோசனை சொல்கிறார்கள். பையன் அப்படியே சொல்கிறான். அப்பவும் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் பட்டினியாகப் படுக்கிறார்கள்.

சொந்த நாட்டில் ஒருத்தன் விசாவுக்குக் காத்திருக்கிறான். 122 வருசம் கழித்து நானும் அதே பொய்யைச் சொன்னேன். ஒரே வித்தியாசம், எனக்குத் தண்ணீர் கிடைத்தது. இதை முன்னேற்றம் என்று எழுதலாமா?

முஸ்லிம் என்றாலே தீண்டாமை கிடையாது என்று மாலை போடவும் நான் வரவில்லை. 1934-இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கைகால் கழுவியதற்காக அம்பேத்கரையும் கூட வந்தவர்களையும் வளைத்துக்கொண்டு கத்தியவர்கள் முஸ்லிம்கள்தான். அதையும் அவரே எழுதியிருக்கிறார். கூத்தாநல்லூர் பக்கத்தில் நிலம் வைத்திருந்த பாயும் கூலி கேட்டால் மொதலாளிதான். எனக்கு உரிமையுள்ள தண்ணீரை வாங்க இன்னொருத்தர் பேரை இரவல் வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் என் புகார். இன்றைக்கு அந்த இரவல் பேரும் எல்லா ஊரிலும் செல்லுபடியாகாது என்பது கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

*

மறுநாள் புதுக்கோட்டை. சைக்கிள் வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயக்காட்டுப் பெண்கள், கல்லுடைக்கிற பெண்கள், முஸ்லிம் பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசினவர்களைப் பெல் அடித்து ஒதுங்கச் சொன்னார்கள். அது கலகம்தான். பஸ்ஸுக்கும் புருசனுக்கும் காத்திருக்காமல் ஒரு பெண் போகலாம் என்று ஆனது சின்ன விசயமில்லை.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயல். 2022 டிசம்பரில் நம்ம குடியிருப்பின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. விசாரிக்கப் போன கலெக்டர் முன்னாலேயே டீக்கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் விடாத வழக்கம் எல்லாம் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. யார் மேல்? அந்தத் தெருவைச் சேர்ந்த மூணு தலித் ஆட்கள் மேலேயே. ஊர்ச்சனமும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. சைக்கிள் வந்தது, எழுத்து வந்தது. தொட்டித் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியவில்லை. சக்கரம் உருண்டால் சமூகம் மாறும் என்று பேசுகிறவர்கள் அந்தத் தொட்டியடியில் போய் நின்று பேசட்டும்.

திருமயம் தாண்டி ராத்திரி ஒரு காலனியில் தங்கினேன். இங்கே பயமில்லாமல் தெருவைச் சொன்னேன். வெஞ்சனத்தோடு சோறு போட்டார்கள். விடிய விடியப் பேச்சு. ஆனால் இங்கேயும் ஒருத்தர் கேட்டார்: 'நீங்க நம்மள்ல எந்தப் பிரிவு?' சொன்னேன். ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? தெருக்கோடியில் தனியாக ஒரு குடிசை. புதிரை வண்ணார் வீடு என்றார்கள். நம்ம அழுக்கைத் துவைக்கிறவர்கள். 'அங்க தண்ணி கிண்ணி வாங்கிக் குடிச்சிராதீங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்தேன். காலையில் அந்தக் குடிசையைத் தாண்டித்தான் வண்டியை மிதித்தேன். அங்கே இறங்கவில்லை. டீக்கடைப் பெரியவரை இவ்வளவு எழுதுகிற நான் இதை எழுதாமல் விட்டால் என் கட்டுரையும் எளநீர்க் கட்டுரைதான்.

மூணாவது நாள் மேலவளவு. முருகேசன் செத்ததும் ஒரு பயணத்தில்தான். தனி ஊராட்சியின் தலைவராக ஜெயித்தவர். மதுரைக்குப் போய்க் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். 1997 ஜூன் 30. பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டினார்கள். தலையை எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார்கள். பஸ் என்றால் பொது வாகனம். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவது. அந்த வழியில் அன்றைக்கு ஒருத்தருக்கும் ஒருத்தர் அந்நியர் இல்லை. யார் எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசாங்கமே முன்கூட்டி விடுதலை செய்தது. நினைவிடத்தில் வண்டியைச் சாத்திவிட்டு நின்றேன். வெட்டிய கூட்டத்தையும் வழிப்போக்கன் யாராவது பாராட்டி எழுதியிருப்பான் என்று தோன்றியது. அவர்களும் யாருக்காவது எளநீர் வெட்டிக் கொடுத்திருப்பார்கள்.

*

இந்த இடத்தில் நண்பர்கள் ஒரு பேரைச் சொல்வார்கள். பி.கே. மகாநந்தியா. ஒரிசாவில் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தில் 1949-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர். டெல்லி கன்னாட் பிளேஸில் வருவோர் போவோரை வரைந்து பிழைத்தார். 1975-இல் ஒரு சுவீடன் பெண்ணைச் சந்தித்தார். 1977 ஜனவரியில் பழைய சைக்கிளில் கிளம்பி ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று கடந்து அந்த வருசம் மே மாதம் சுவீடன் போய்ச் சேர்ந்தார். வழியில் ஆட்களை வரைந்து கொடுத்தார். சோறும் படுக்கையும் கிடைத்தன.

உலகம் பூராவும் இதைக் காதல் கதையாக விற்கிறது. காதலுக்காகக் கண்டம் தாண்டிய சைக்கிள்! இருக்கட்டும். காதலை நான் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கதையில் நாம் படிக்க வேண்டிய வரி வேறு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த அந்நியர்கள் ஒருத்தனுக்கு ரொட்டி கொடுத்தார்கள். அவன் பிறந்த ஊரின் பள்ளிக்கூடம் அவனுக்குக் கூரையைக் கூடக் கொடுக்கவில்லை. அந்த நாடுகளில் மேல்கீழ் இல்லையா? இருக்கிறது. ஆனால் இவனை எந்தப் படியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாதது இவனுக்கு விடுதலையாக இருந்தது. நம்ம நாட்டில் வாத்தியாருக்குத் தெரியும், ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கு மூணே கேள்வியில் தெரிந்துவிடும். இங்கே விருந்தோம்பல் என்பது பரீட்சையில் பாஸானவனுக்குக் கிடைக்கிற பரிசு. பாஸானவன் அதை மனிதகுலத்தின் நல்ல குணம் என்று எழுதுகிறான்.

அமெரிக்காவில் கறுப்பர்கள் கார் வாங்கிய காலத்தில் நியூயார்க் தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்தப் பெட்ரோல் பங்க் கறுப்பரை உள்ளே விடும் என்ற பட்டியல். இந்தப் புஸ்தகம் தேவைப்படாமல் போகிற ஒரு நாள் வரும், அன்றைக்கு இதை நிறுத்திவிடுவோம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது, கொஞ்ச காலத்தில் அந்தப் புஸ்தகம் நின்றது. நமக்கு 1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனாலும் 2025 பிப்ரவரியில் மானாமதுரை பக்கம் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

நாமும் அப்படி ஒரு கையேடு போடலாமே என்று ஒரு தோழர் கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையேட்டை மனப்பாடம் செய்துதான் மூணு தலைமுறை வாழ்ந்தோம். அதை அச்சடித்து விற்பது அரசியல் ஆகாது.

*

திரும்பி வரும்போதும் அதே வழி. கந்தர்வகோட்டை தாண்டியதும் அந்த ஓட்டு வீடு. அந்த அம்மா வாசலில் நின்றார். 'பாய், திரும்பியாச்சா? வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்று உள்ளே போய்ச் சொம்போடு வந்தார். வண்டியைவிட்டு இறங்கினேன்.

'நான் பாய் இல்லம்மா. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். கூத்தாநல்லூர் பக்கத்துல சேரி. அதான் எங்க தெரு.'

அந்த அம்மா முகத்தில் கோபமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சொம்பைத் திண்ணையில் வைத்தார். உள்ளே போய்விட்டார். போன தடவை கையில் கொடுத்த சொம்பு. நான் குடிக்கவில்லை. தாகமாகத்தான் இருந்தது.

பயணம் எழுதுகிற எழுத்தாளர்களே, உங்களிடம் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அடுத்த தடவை எளநீரைப் பற்றி எழுதும்போது அதற்கு முன்னால் கேட்ட கேள்வியையும், நீங்கள் சொன்ன பதிலையும் எழுதுங்கள். கேள்வியே வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எழுதுங்கள். அதை எழுதாமல் 'மனுசங்க நல்லவங்க' என்று முடிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பையன்களும் பொம்பளைப் பிள்ளைகளும் தனியாகக் கிளம்புங்கள். ஊர்த்தெருவில் இறங்காதீர்கள். கேட்டால் தெருவைச் சொல்லுங்கள். கொடுக்கிறவன் கொடுக்கட்டும், கொடுக்காதவன் பேரை ஊரோடு எழுதி வையுங்கள். நம்ம தெருக்கோடிக் குடிசையிலும் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நான் குடிக்காமல் வந்த அந்தத் தண்ணீர் இன்னும் என் கணக்கில் பாக்கி இருக்கிறது. வருகிற ஜூனில் திருமயம் வழியாகத்தான் போகப்போகிறேன்.